துடுப்பைவிடத் தோள் அதிகம் உழைத்த பயணம்

பனி மூடிய மலைக் கணவாயில் கயாக் படகுக்கு என்ன வேலை?

2002 குளிர்காலத்தில், தென்கிழக்குத் திபெத்தின் சென்சென் லா கணவாயில் அது நடந்தது. 3,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். செங்குத்தான சரிவு, கால் புதையும் பனி. அதில் பிளாஸ்டிக் படகுகளை இழுத்தும் சுமந்தும் ஒரு கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. கீழே, எங்கோ அதலபாதாளத்தில், யார்லுங் சாங்போ ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆற்றில் படகு விடத்தான் அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, பிரிட்டன் என்று நான்கு நாடுகளிலிருந்து ஏழு பேர் கிளம்பி வந்திருந்தார்கள். நுரைத்துப் பாயும் ஆறுகளில் கயாக் ஓட்டுவதில் அன்றைக்கு உலகின் முதல் வரிசைக்காரர்கள். ஆனால் அந்த இடத்தில் ஆற்றில் இறங்கினால் பிணமாகக்கூடக் கரை சேர முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே ஆற்றை விட்டுவிட்டு மலையேறினார்கள்.

சாங்போவை 'ஆறுகளின் எவரெஸ்ட்' என்று பத்திரிகைகள் வர்ணித்தன. அருவியில் குதிக்கும் படங்கள்தான் அட்டையில் வரும். என் பார்வையில் அந்தப் பயணத்தின் உச்சம் இந்த ஏற்றம்தான். சாங்போவில் அதற்கு முன் போனவர்களின் கதையைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

உலகின் ஆழமான பள்ளம்

கைலாய மலைப் பகுதியில் பிறக்கும் சாங்போ, இமயமலைக்கு வடக்கே திபெத்தின் நெடுகக் கிழக்கு நோக்கி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. பெரும்பாலான தூரம் அகலமான, சாந்தமான ஆறு. தோல் படகில் ஆட்டையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு திபெத்தியர்கள் காலங்காலமாகக் கடந்த ஆறு. பை என்ற ஊரைத் தாண்டியதும் குணம் மாறுகிறது. ஒரு பக்கம் 7,782 மீட்டர் நம்சா பர்வா, மறு பக்கம் 7,294 மீட்டர் கியாலா பேரி. இரண்டு சிகரங்களுக்கும் இடையே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். அந்த இடுக்கில் புகுந்து, நம்சா பர்வாவைக் கொண்டை ஊசி வளைவாகச் சுற்றி, தெற்கே திரும்பி அருணாசலப் பிரதேசத்துக்குள் இறங்குகிறது. அங்கே அதன் பெயர் சியாங். அசாமில் திபாங், லோஹித் ஆறுகளுடன் சேர்ந்த பிறகுதான் பிரம்மபுத்திரா.

இந்த வளைவில் 50 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஆறு சுமார் 2,000 மீட்டர் இறங்கிவிடுகிறது. சிகரத்துக்கும் நீர்மட்டத்துக்கும் இடையிலான உயரத்தைக் கணக்கிட்டால் பள்ளத்தாக்கின் ஆழம் சில இடங்களில் 5,000 மீட்டரைத் தாண்டும். உலகின் மிக ஆழமான பள்ளத்தாக்கு என்று அதனால்தான் சொல்கிறார்கள். நிலமும் சும்மா இருப்பதில்லை. இந்தியத் தட்டு ஆசியத் தட்டோடு முட்டும் மூலை இது. மலை வேகமாக உயர்கிறது, ஆறு அதே வேகத்தில் அறுக்கிறது. பாறை சரிவது இங்கே அன்றாட நிகழ்ச்சி. 1950 ஆகஸ்ட் 15 அன்று 8.6 அளவில் அசாமையும் திபெத்தையும் புரட்டிப்போட்ட நிலநடுக்கமும் இந்த வட்டாரத்தில்தான் நிகழ்ந்தது.

பௌத்தர்களுக்கு இது பெமாகோ. பத்மசம்பவர் மறைத்துவைத்த புண்ணிய பூமி, வஜ்ரவாராகி தேவியின் உடலே நிலமாகக் கிடக்கும் இடம் என்று நம்பிக்கை. அட்டையும் மழையும் நிலச்சரிவும் நிறைந்த காட்டுக்குள் யாத்ரீகர்கள் அந்த நம்பிக்கையில்தான் நடந்தார்கள். இதே வளைவுக்குள் இருக்கும் மெடோக், சீனாவில் சாலை வசதி கடைசியாகக் கிடைத்த மாவட்டம். அதுவும் 2013-ல்தான்.

ஐந்நூறு மரக்கட்டைகள்

சாங்போவும் பிரம்மபுத்திராவும் ஒன்றுதானா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு நில அளவைக்காரர்களின் தலைவலி. திபெத்துக்குள் வெள்ளைக்காரர்கள் நுழைய முடியாது. எனவே இந்தியர்களையும் மலைவாசிகளையும் உளவு அளவையாளர்களாகப் பயிற்றுவித்து அனுப்பினார்கள். 1880-ல் அப்படிப் போனவர் கிந்துப். சிக்கிம்காரர், டார்ஜிலிங்கில் தையல் தொழில் செய்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒரு சீன லாமாவுக்கு உதவியாளாக அனுப்பப்பட்டார். லாமாவோ வழியிலேயே இவரை அடிமையாக விற்றுவிட்டுக் கம்பி நீட்டிவிட்டார்.

கிந்துப் தப்பினார். வீட்டுக்கு ஓடவில்லை, ஆற்றின் வழியே கீழே போனார். பெமாகோவில் ஒரு மடத்தின் தலைவர் அவரை விலை கொடுத்து மீட்டுத் தன்னிடமே வேலைக்கு வைத்துக்கொண்டார். யாத்திரை போவதாக விடுப்பு வாங்கிக்கொண்டு காட்டில் ஓரடி நீளத்துக்கு 500 மரக்கட்டைகளை வெட்டி அடையாளமிட்டு ஒளித்துவைத்தார். எந்தெந்த நாளில் ஆற்றில் விடுவேன், அசாமில் பார்த்துக்கொண்டிருங்கள் என்று இன்னொருவரை எழுதச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். சொன்னபடியே நாளுக்கு ஐம்பதாகப் பத்து நாள் விட்டார். கடிதம் உரிய காலத்தில் உரியவரைச் சேரவில்லை. அவரை அனுப்பிய அதிகாரி அதற்குள் உடல்நலம் கெட்டு இந்தியாவை விட்டே போய்விட்டார். கட்டைகளை யாரும் பார்க்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து கிந்துப் திரும்பிவந்து கதை சொன்னபோது பலர் நம்பவில்லை. 1913-ல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரு அதிகாரிகள் அதே வழியில் போய்ப் பார்த்த பிறகுதான் அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்று தெரிந்தது. வயதான காலத்தில் ஒரு சன்மானம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்து 1924-ல் தாவரவியலாளர் ஃபிராங்க் கிங்டன் வார்டு போனார். ஒரு பேரருவி இருந்தே தீரும் என்று தேடினார். ஆற்றின் சில மைல் தூரத்தை மட்டும் அவராலும் பார்க்க முடியவில்லை. அந்த இடைவெளிக்குள் இறங்கி, சுமார் 33 மீட்டர் உயர அருவியை இயன் பேக்கர் குழு அளந்தது 1998 நவம்பரில். நிலவில் மனிதன் நடந்து 29 ஆண்டு ஆன பிறகு!

எத்தனை கனஅடி?

கயாக் என்பது ஒற்றை ஆள் உட்காரும் மூடிய படகு. இடுப்பைச் சுற்றி ரப்பர் பாவாடை ஒன்று படகின் விளிம்பில் இறுக்கமாகப் பொருந்தும். தண்ணீர் உள்ளே வராது. கவிழ்ந்தால் தலைகீழாகத் தொங்கியபடி துடுப்பை வீசி, இடுப்பை வெட்டி நிமிர வேண்டும். கற்றுக்கொள்ளும் முதல் பாடமே இதுதான். பல நாள் பயணம் என்றால் தூங்கும் பை, உணவு, கயிறு, மருந்து எல்லாம் அந்தப் படகின் வாலுக்குள் திணிக்க வேண்டும். வெறும் படகாக இருக்கும்போது சொன்ன பேச்சைக் கேட்கும் கயாக், சாமான் ஏற்றியதும் திருப்பத் திருப்ப முரண்டுபிடிக்கும்.

பாயும் ஆற்றில் ஓய்வெடுக்க ஒரே இடம் எடி. பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி, மேல்நோக்கி மெதுவாக வந்து தேங்கும் பகுதி. ஓர் எடியிலிருந்து அடுத்த எடிக்குத் தாவித் தாவித்தான் ஓட்டிகள் இறங்குவார்கள். எடியிலிருந்தே கீழே எட்டிப் பார்ப்பார்கள். தெரியவில்லை என்றால் இறங்கிக் கரையோரம் நடந்து பார்ப்பார்கள். தவறவிட்டால் அடுத்தது எங்கே வரும் என்று தெரியாது. பயப்பட வேண்டிய இடம் இன்னொன்று: பாறைமேல் ஏறி விழும் தண்ணீர் அடியில் ஆழமாகப் போக, மேற்பரப்பு நீர் பின்னோக்கி வந்து அந்தக் குழியை நிரப்பும். அதற்குள் விழுந்த பொருளை அது வெளியே விடாது, உருட்டிக்கொண்டே இருக்கும். சிறிய குழியில் ஓட்டிகள் விளையாட்டாகக் குட்டிக்கரணம் போடுவார்கள். சாங்போவின் குழிகள் வீடளவுக்கு இருக்கும்.

இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது நீரின் அளவு. ஒரு கனஅடி நீரின் எடை சுமார் 28 கிலோ. விநாடிக்கு 20,000 கனஅடி என்றால் 560 டன்னுக்கும் மேற்பட்ட எடை ஒவ்வொரு விநாடியும் உங்களைக் கடந்து போகிறது. அளவு கூடினால் வேகமும் கூடும். வேகம் இரட்டிப்பானால் அது உடம்பில் தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். நீர்வரத்து அதிகரித்தால் ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை என்று மாவட்ட நிர்வாகம் அறிவிப்பது நமக்குப் பழகிய செய்தி. சாங்போவில் தடை போட ஆட்சியர் இல்லை. அந்த வேலையைப் படகோட்டியே செய்துகொள்ள வேண்டும்.

1998: வற்றாத அக்டோபர்

1998-ல் நேஷனல் ஜியாக்ரஃபிக் சங்கத்தின் ஆதரவோடு ஓர் அமெரிக்கக் குழு போனது. தலைவர் விக்லிஃப் வாக்கர். படகில் டாம் மெக்யுவன், ஜேமி மெக்யுவன் சகோதரர்கள், ரோஜர் ஸ்பெல், டக் கார்டன் ஆகிய நால்வர். ஜேமி 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் வெண்கலம் வென்றவர். கார்டன் வேதியியலாளர், அமெரிக்க அணிக்காகப் போட்டியிட்டவர். கத்துக்குட்டிகள் ஒருவரும் இல்லை.

பருவமழை முடிந்து அக்டோபரில் ஆறு வடியும் என்பது கணக்கு. ஆனால் அந்த ஆண்டு ஆசியாவில் மழை கொட்டித் தீர்த்திருந்தது. சீனாவில் யாங்சி கரை உடைத்து ஓடியதும் அதே கோடையில்தான். குழு பை பகுதிக்கு வந்துசேர்ந்தபோது சாங்போ எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பெருக்கெடுத்து ஓடியது. அனுமதி வாங்கிப் பணம் திரட்டிப் பல்லாண்டு கனவு கண்டு வந்தவர்கள் அந்த நிலையில் என்ன செய்வார்கள்? நடு ஆற்றைத் தொடுவதில்லை, ஓரமாக மட்டும் போவது, முடியாத இடத்தில் சுமந்து கடப்பது என்று முடிவெடுத்தார்கள். அறிவான முடிவுதான். பல நாள் அப்படியே போனார்கள்.

அக்டோபர் 16 அன்று ஓரத்தில் ஓர் அருவி வந்தது. ஆளுயரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கார்டன் தன் வாழ்நாளில் அதைப்போல எத்தனையோ குதித்திருப்பார். பார்த்தார், முடியும் என்று முடிவு செய்தார், இறங்கினார். குதிப்பு சரியாக அமையவில்லை. அடியில் இருந்த குழி பிடித்துப் புரட்டியது. நிமிர முயன்றுகொண்டிருந்தபோதே நடு ஆற்றின் பெருக்கு அவரை இழுத்துக்கொண்டது. நண்பர்கள் நாள்கணக்கில் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. பயணம் அங்கேயே முடிந்தது.

இந்த மரணத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். துணிச்சலா, பேராசையா என்று பட்டிமன்றமே நடந்தது. எனக்கு உறுத்துவது அந்த அருவியின் உயரம். அதே அருவி வேறு ஆற்றில் இருந்திருந்தால் கவிழ்ந்தவர் கொஞ்ச தூரம் மிதந்து ஏதாவது ஓர் எடியில் ஒதுங்கியிருப்பார், மாலையில் அதைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். சாங்போ அந்த இரண்டாவது வாய்ப்பைத் தரவில்லை. அருவி சின்னதுதான். அதற்குப் பக்கத்தில் ஓடிய ஆறு பெரியது.

2002: ஆறு மெலிந்த நேரம்

நான்கு குளிர்காலம் கழித்து ஸ்காட் லிண்ட்கிரென் தலைமையில் இரண்டாவது குழு. ஸ்டீவ் ஃபிஷர், மைக் அபாட், ஆலன் எல்லார்ட், டஸ்டின் நாப், இரட்டையர்களான ஜானி கெர்ன், வில்லி கெர்ன். இந்த இரட்டையரின் சகோதரர் சக் 1997-ல் கொலராடோவின் பிளாக் கேன்யனில் கயாக் ஓட்டும்போது இறந்தவர். இந்த விளையாட்டில் விலை என்ன என்பதை அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இவர்கள் தேர்ந்தெடுத்தது ஜனவரியும் பிப்ரவரியும். பனி உருகாது, மழை இல்லை, ஆண்டிலேயே ஆறு மிக மெலிந்திருக்கும் மாதங்கள். பதிலுக்குக் கொடுத்த விலை குளிர். துடுப்பைப் பிடித்த விரல் மரத்துப்போகும், ஈர உடை காயாது, கணவாய்களில் பனி கிடக்கும். ஆனால் நீர் இறங்கியதால் ஓரத்துப் பாறைகள் வெளியே தெரிந்தன. பாறைக்குப் பாறை எடி கிடைத்தது. மழைக்காலத்தில் இல்லாத ஒரு வழி கரையோரமாகத் திறந்திருந்தது.

அப்படியும் அது ஓட்டுவதற்கு ஈடாகச் சுமந்த பயணம். படகை விட்டு இறங்கி, லாரி அளவுப் பாறைகள்மேல் வழுக்கியபடி ஏறி, கீழே போய் ஆற்றைப் பார்த்து, திரும்பி வந்து சிலர் ஓட்டுவார்கள், சிலர் சுமப்பார்கள். சாமானோடு சேர்த்து படகின் கனம் நாற்பது கிலோவை நெருங்கும். சில இடங்களில் கயிற்றில் கட்டிப் பாறை முகத்தில் தொங்கவிட்டு இறக்கினார்கள். ஒரு நாள் முழுக்க உழைத்துச் சில கிலோமீட்டர் நகர்ந்தால் அதிகம்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படங்களில் அவர்கள் அதிகம் வருவதில்லை. ஆற்றில் ஏழு பேர் போக, மேலே காட்டுவழியே உணவும் முகாம் சாமானும் சுமந்துகொண்டு ஒரு தரைக்குழு நடந்தது. ஷெர்பாக்களும் உள்ளூர்ச் சுமைதூக்கிகளுமாகப் பல பத்துப் பேர். பாசி படிந்த பாறை, வெட்டுக்குழி போட்ட ஒற்றை மரத்தடியே ஏணி, ஒரு கால் தவறினால் நேரே ஆறு. நடுவழியில் சுமைதூக்கிகள் கூலி உயர்வு கேட்டு மூட்டையை இறக்கிவைத்துவிட்டார்கள். பயணக் கதைகளில் இது ஓர் இடைஞ்சலாகத்தான் வரும். எனக்கென்னவோ நியாயமான வேலைநிறுத்தமாகவே படுகிறது. பிராண்டு ஜாக்கெட் போட்டவர் எடுக்கும் ஆபத்துக்கு விளம்பரதாரர் பணம் தருகிறார். ரப்பர் செருப்போடு அதே பாறையைத் தாண்டுபவர் கொஞ்சம் கூடக் கேட்டால் என்ன தப்பு?

பை தொடங்கி மேல் பள்ளத்தாக்கு முழுவதையும், சுமார் 70 கிலோமீட்டர், அந்த ஏழு பேரும் உயிரோடு கடந்தார்கள். அதற்கு முன் யாரும் செய்யாதது. அடுத்து வருவது அருவிகள். அங்கேதான் படகோடு சென்சென் லா ஏறினார்கள். கணவாயின் மறுபக்கம் இறங்கி, போ சாங்போ என்ற துணையாறு வந்து சேரும் இடத்தை அடைந்து, கீழ்ப் பள்ளத்தாக்கைத் தொடர்வது திட்டம்.

அங்கே காத்திருந்தது வேறு. 2000 ஏப்ரல் 9 அன்று அந்தத் துணையாற்றின் கிளையான யிகோங்கில் மலைச்சரிவு ஒன்று விழுந்து ஆற்றையே அடைத்தது. இரண்டு மாதம் தேங்கிய தண்ணீர் ஜூன் 10 அன்று உடைத்துக்கொண்டு வந்தது. அருணாசலத்தில் சியாங் கரையோரம் முன்னறிவிப்பே இல்லாமல் வந்து பாலங்களையும் உயிர்களையும் கொண்டுபோனது அந்த வெள்ளம்தான். அது கீழ்ப் பள்ளத்தாக்கின் இரு கரைகளையும் சுரண்டி வழித்துவிட்டிருந்தது. மரமில்லை, மண்ணில்லை, கால் வைக்கத் திட்டில்லை. வெறும் பாறைச் சுவர். ஓட்ட முடியாத இடத்தில் சுமந்து கடக்க வழியே இல்லாத ஆறு. சுமக்க வழியில்லை என்றால் இறங்குவதில்லை. அதுவரை அவர்களைக் காப்பாற்றிய விதி அதுதான். பயணத்தை முடித்துக்கொண்டார்கள். வரைபடத்தில் பாதிப் பள்ளத்தாக்கு மிச்சம் இருந்தது. ஒருவர் உயிரும் போகவில்லை.

குழுவோடு தரைவழியே நடந்த எழுத்தாளர் பீட்டர் ஹெல்லர் பின்னர் இதை ஒரு நூலாக எழுதினார். லிண்ட்கிரென் கைலாயப் பகுதியில் பிறக்கும் சிந்து, சட்லெஜ், கர்னாலி, சாங்போ நான்கிலும் படகோட்டி முடித்தார். நான்காவதை முடிக்குமுன் மூளையில் கட்டி வந்து போராடினார். 'தி ரிவர் ரன்னர்' என்ற 2021 ஆவணப்படம் அந்தக் கதை.

இனி

2024 டிசம்பரில் சீனா இந்த வளைவில் ஒரு நீர்மின் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025 ஜூலையில் பணி தொடங்கியது. செலவு 1.2 லட்சம் கோடி யுவான். ஐந்து மின் நிலையங்கள், ஆண்டுக்கு 30,000 கோடி யூனிட் மின்சாரம். உலகின் மிகப்பெரிய நீர்மின் நிலையமான மூன்று பள்ளத்தாக்கு அணை தருவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. வளைவைச் சுற்றிப் போகும் தண்ணீரை மலைக்குள் சுரங்கம் குடைந்து குறுக்கே திருப்புவதுதான் திட்டத்தின் சாரம். எந்த வீழ்ச்சி படகோட்டிகளை விரட்டியதோ, அதே வீழ்ச்சிதான் பொறியாளர்களை இழுத்திருக்கிறது. இந்தியாவும் பதிலுக்கு சியாங்கின் மேல்பகுதியில் 11,000 மெகாவாட் அளவில் ஓர் அணையை முன்வைத்திருக்கிறது. மூழ்கப்போவது ஆதி என்ற பழங்குடியினரின் ஊர்களும் வயல்களும். அவர்கள் ஆய்வுப் பணியைக்கூட விடாமல் எதிர்த்து வருகிறார்கள். இரண்டு அரசுகளின் போட்டியில் அந்த ஆற்றை உண்மையில் அறிந்தவர்கள் பேச்சு எடுபடவில்லை என்பதே என் வருத்தம்.

சாங்போவின் பள்ளத்தாக்குக்குள் நாம் போகப்போவதில்லை. ஆனால் அதே ஆற்றின் இந்தியப் பகுதியில் போகலாம். அருணாசலத்தின் டூட்டிங்கிலிருந்து பாசிகாட் வரை சுமார் 180 கிலோமீட்டர், ஒரு வாரத்துக்கும் மேலாக மணல் திட்டுகளில் முகாமிட்டபடி ராஃப்டில் போகும் பயணங்களைச் சில நிறுவனங்கள் நடத்துகின்றன. அருணாசலத்துக்குள் நுழைய இந்தியர்களுக்கும் உள்எல்லை அனுமதிச் சீட்டு வேண்டும். நீர் இறங்கியிருக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் காலம்; மற்ற மாதங்களில் அழைத்துப்போகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏதாவது ஓர் இடத்தில் ஆற்றைப் பார்த்துவிட்டு வழிகாட்டி, "இதை நடந்தே தாண்டுவோம்" என்றால், கொடுத்த காசை நினைத்து வாதாடாமல் இறங்கி நடந்துவிடுங்கள்.